எரிபொருள் முள் பொய் காட்டும்போது: கவச வயரைச் சோதித்துச் சீர்செய்யும் முறை

கடந்த மாரியில் ஓர் இரவு, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானுக்குச் சற்று இப்பால் என் மைத்துனரின் கார் நின்றுவிட்டது. "அத்தான், முள்ளு கால் தாங்கியிலை நிக்குது, ஆனா வாகனம் ஸ்ரார்ட் வருதில்லை" என்று தொலைபேசியில் சொன்னார். ஐந்து லீற்றர் பெற்றோலைக் கானில் எடுத்துக்கொண்டு போய் ஊற்றியதும் கார் ஓடியது. தாங்கி முற்றாக வறண்டிருந்தது. முள் மட்டும் காற்பங்கு இருப்பதாகச் சாதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் ஒரு திருத்தகத்தில், தாங்கிக்குள் எரிபொருளின் மட்டத்தை அளக்கும் மிதவைத் தொகுதியைப் புதிதாக மாற்றியிருந்தார். பழுது மிதவையில் இருக்கவேயில்லை. பின்கதவின் அடிப்படியில், விரிப்புக்குக் கீழே கிடந்த ஒரு முழ நீள வயரில் இருந்தது.

இந்த வழிகாட்டி அந்தக் கவச வயரைப் பற்றியது: நடுவில் மெல்லிய கம்பி, அதன் காவலியைச் சுற்றிக் கவசமாகச் செப்புப் பின்னல் உள்ள வயர். தடையும் வோல்ற்றும் அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்றும் பொறுமையும் இருந்தால், பாகங்களை மாற்றுவதற்கு முன்னரே பழுது எங்கே என்பதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கலாம். வன்னியில் இது சிறிய விடயமன்று. பெற்றோல் நிலையங்கள் ஏ9 வீதியிலும் பட்டினச் சந்திகளிலும்தான் உள்ளன. உட்பாதைகளில் காடும் வயலுமாகப் பல கிலோமீற்றர் போகவேண்டியிருக்கும். போர் நாட்களில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய காலத்தையும், 2022இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தையும் கண்டவர்களுக்கு, தாங்கியில் எவ்வளவு உண்டு என்பது வெறும் எண்ணிக்கையன்று. அதோடு, பெற்றோல் காரின் மின்பம்பி தாங்கிக்குள் பெற்றோலில் மூழ்கியிருந்தே தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அடிக்கடி வறளவிட்டால் பம்பியும் போய்விடும்.

முள் எப்படி அசைகிறது

தாங்கிக்குள் ஒரு மிதவை, அதன் கையோடு ஓடும் ஒரு தொடுமுனை, அது உராயும் ஒரு தடைத் தகடு. இவ்வளவுதான் மிதவைத் தொகுதி. எரிபொருள் ஏறி இறங்கும்போது தடை மாறுகிறது, அந்தத் தடையை ஒரு வயர் டாஷ்போட்டில் உள்ள மீற்றருக்குக் கொண்டுபோகிறது, இன்னொரு வயர் அதை எர்த்தோடு, அதாவது பற்றரியின் மறை முனை பூட்டிய வாகன உடலோடு, இணைக்கிறது. எங்கள் பக்கம் ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றில் தாங்கி வெறுமையாக இருக்கும்போது தடை சுமார் 110 ஓம் ஆகவும், பாதியில் சுமார் 32 ஓம் ஆகவும், நிறைந்திருக்கும்போது சுமார் 3 ஓம் ஆகவும் இருக்கும். ஐரோப்பிய மிதவைகள் சிலவற்றில் இது தலைகீழ்: வெறுமைக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். உங்கள் வாகனத்துக்குரிய எண்களை அதன் திருத்தக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படுவதெல்லாம் முதல் வகைக்கு உரியது. மற்ற வகையென்றால் 'கூட' என்பதைக் 'குறைய' என்று மாற்றி வாசிக்கவேண்டும்.

முள் எந்தப் பக்கம் பொய் காட்டுகிறது என்பதைக் கவனித்தாலே பழுதின் பாதி தெரிந்துவிடும். மிதவைக்குரிய எர்த் இணைப்புத் துருப்பிடித்து அதில் 30 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். பாதித் தாங்கியின் 32 ஓம் மீற்றருக்கு 62 ஓமாகத் தெரியும்; பாதி இருக்கும்போதே முள் காற்பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இது தொல்லைதான், ஆனால் உங்களை வீதியில் விடாது. மாறாக, வயருக்கும் எர்த்துக்கும் இடையில் 100 ஓம் அளவுக்கு மின்கசிவு ஏற்பட்டால், வெறுந்தாங்கியின் 110 ஓமும் அந்தக் கசிவும் சமாந்தரமாக நின்று 52 ஓமாகிவிடும். தாங்கியில் ஒன்றுமில்லை, முள்ளோ காற்பங்கில் நிற்கும். மைத்துனரின் காரில் நடந்தது இதுவே. ஆகவே குறைத்துக் காட்டும் முள்ளைவிடக் கூட்டிக் காட்டும் முள்ளை உடனே பாருங்கள் என்பதே என் கருத்து.

பிரேக் பிடிக்கும்போதோ சிக்னல் போடும்போதோ முள் துடிக்குமானால், வேறெதையும் தேடாமல் பின்பக்க எர்த் இணைப்பைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குங்கள். விளக்குகளும் மிதவையும் ஒரே எர்த்தைப் பகிரும்போது வருகின்ற பழுது அது.

கவச வயர் எங்கிருந்து வந்தது

பொதுவாக, தடைத் தகட்டு மிதவைக்குத் தொழிற்சாலையில் கவச வயர் போடுவதில்லை. மெதுவாக மாறும் இந்தச் சைகைக்கு அது தேவையுமில்லை. காரில் கவச வயரை நீங்கள் காண்பது பெரும்பாலும் கிராங்க் சென்சர் (எஞ்சின் சுழற்சியை அறிவது), நொக் சென்சர் (எஞ்சினின் தட்டலை அறிவது) போன்ற, சைகை மெல்லியதாகவும் வேகமாகவும் உள்ள இடங்களில்தான். லொறிகளுக்கு ஜி.பி.எஸ். கண்காணிப்போடு சேர்த்துப் பூட்டப்படும் கொள்ளளவுச் சென்சர்களுக்கும் (மின்கொள்ளளவு மாறுவதைக் கொண்டு எரிபொருள் மட்டத்தை அளப்பவை) கவச வயர் வரும். ஆனால் எங்கள் ஊர்களில் இன்னொரு வழியும் உண்டு. எலி கடித்த பழைய வயரைத் தேடிப்பிடிக்க நேரமில்லாதபோது, கையில் அகப்படும் மைக் வயரையோ பாதுகாப்புக் கமெராவின் வயரையோ பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் இழுத்துவிடுகிறார்கள். நடுவில் உள்ள மெல்லிய கம்பி சைகைக்கு, சுற்றியிருக்கும் செப்புப் பின்னல் எர்த்துக்கு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு வேலை செய்யும். இரண்டு மாரி கழிந்தபின் செய்யாது.

காரணம், செப்புப் பின்னலுக்கு ஒரு குணம் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெளிப்பூச்சில் ஊசிமுனை அளவு வெடிப்பிருந்தால் போதும், நீர் அங்கே நுழைந்து பின்னலின் வழியே இரண்டு மூன்று அடி தூரம் உள்ளே போய்விடும். செம்பில் களிம்பு ஏறும். ஒரு காலத்தில் பளபளத்த பின்னல் பச்சைத் தூளாக உதிரும், அந்தத் தூளும் ஈரமும் சேர்ந்து உட்கம்பியின் மெல்லிய காவலியைத் தாண்டிக் கசிவுக்கு வழிசெய்துவிடும். பெற்றோல் படும் இடங்களில் சாதாரணப் பிளாஸ்ரிக் பூச்சு காலப்போக்கில் விறைத்து வெடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனையிறவு, பூநகரிப் பக்கம் அடிக்கடி ஓடும் வாகனங்களில் உப்புக்காற்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

தொடங்கும் முன்

பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. வாகனத்தைத் திறந்த வெளியில், நிழலில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். அருகில் புகைத்தல், அடுப்பு, கிரைண்டர் எதுவும் இருக்கக்கூடாது. பின்னிருக்கையை உயர்த்தும்போதே பெற்றோல் மணம் வந்தால் வேலையை நிறுத்துங்கள். அது வயர்ப் பழுதன்று, பெற்றோல் கசிவு, அதை முதலில் பார்க்கவேண்டும். மிதவையின் முனைகளுக்குப் பற்றரியிலிருந்து நேரடியாக 12 வோல்ற் ஒருபோதும் கொடுக்காதீர்கள். தாங்கியைத் திறக்கவேண்டிய தேவையே இந்தச் சோதனைகளில் இல்லை. எல்லாம் வெளியில் உள்ள கனெக்ரரில் நடக்கும்.

மிதவையின் தடைக்குப் பதிலாக வைத்துப் பார்ப்பதற்கு, வானொலிப் பாகம் விற்கும் கடையில் 2 வாற்றுத் தடையிகள் சில வாங்கிக்கொள்ளுங்கள்: 3.3 ஓம், 33 ஓம், 100 ஓம், 10 ஓம். கடைசி இரண்டையும் தொடராக முறுக்கினால் 110 ஓம் கிடைக்கும். இந்தச் சில ரூபாய்ச் சாமான்தான் ஒரு புதிய மிதவைத் தொகுதியின் விலையை உங்களுக்கு மிச்சப்படுத்தப்போகிறது.

முதலில் பாதியாகப் பிரியுங்கள்

பின்னிருக்கைக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினால் தாங்கியின் மேல் கனெக்ரர் தெரியும். சில வாகனங்களில் அது தாங்கியின் பக்கத்தில், வண்டிக்கு அடியில் இருக்கும். சாவியை அணைத்துவிட்டுக் கனெக்ரரைக் கழற்றி, வாகனத்திலிருந்து வரும் பக்கத்தில் சைகை முனைக்கும் எர்த் முனைக்கும் இடையில் 110 ஓம் தடையியை இணையுங்கள். பிறகு சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பி, முள்ளைப் பாருங்கள். எரிபொருள் தளம்பும்போது முள் ஆடாமலிருக்க மீற்றரை மந்தமாகவே அமைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடமாவது காத்திருங்கள், ஒருமுறை சாவியை அணைத்துத் திரும்பப் போடுங்கள். 110 ஓமுக்கு வெறுமை, 33 ஓமுக்குப் பாதி, 3.3 ஓமுக்கு நிறைவு என்று முள் வந்தால், வயரும் மீற்றரும் நலம். பழுது மிதவையில்தான், அதை மாற்றுவது நியாயம். அப்படி வராவிட்டால், மிதவையைக் குறைசொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

மைத்துனரின் காரில் 110 ஓமுக்கு முள் காற்பங்கில் வந்து நின்றது. தடையியைக் கழற்றி வெறுமனே விட்டபோது, முள் வெறுமைக் கோட்டுக்குக் கீழே படுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கோட்டின்மேலேயே நின்றது. எதையும் இணைக்காத வயரில் மீற்றருக்கு யாரோ தடை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

அடுத்து, இதே சோதனையை மீற்றர் பக்கத்தில் செய்யுங்கள். டாஷ்போட்டிலிருந்து மீற்றரை முன்னே இழுத்து, கனெக்ரரிலிருந்து மிதவையின் சைகை வயரை மட்டும் விடுவித்து, அந்த முனைக்கும் மீற்றரின் எர்த்துக்கும் இடையில் தடையிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இங்கே முள் சரியாக வந்தால் மீற்றர் தப்பித்தது. பழுது இரண்டு முனைகளுக்கும் இடையில் ஓடும் வயரில் உள்ளது. புதிய கார்களில் சைகை நேரே மீற்றருக்குப் போகாமல் ஒரு கணினிப் பெட்டிக்குப் போவதுண்டு. அப்போது அந்தப் பெட்டியின் முனைவரைதான் இந்த முறை செல்லும்.

கவசத்துக்குரிய நான்கு அளவுகள்

பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். கவச வயரின் இரண்டு முனைகளையும் விடுவியுங்கள். மல்ரிமீற்றரின் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று முட்டவைத்து அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும், அதைப் பின்னர் கழிக்கவேண்டும்.

முதல் அளவு, உட்கம்பியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. ஒரு ஓமுக்குக் குறைவாக இருக்கவேண்டும். மற்றவர் ஒருவர் வயரை இடத்துக்கு இடம் ஆட்டிக்கொண்டிருக்க நீங்கள் எண்ணைக் கவனியுங்கள். எண் தாவினால் அந்த இடத்தில் கம்பி உள்ளே முறிந்திருக்கிறது.

இரண்டாவது அளவுதான் முக்கியமானது: உட்கம்பிக்கும் செப்புப் பின்னலுக்கும் இடையில், மல்ரிமீற்றரை மெகாஓம் வரம்பில் வைத்து. நல்ல வயரில் எல்லையற்ற தடை தெரியவேண்டும். சில ஓம்கள் தெரிந்தால் கம்பியும் கவசமும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, முள் எப்போதும் நிறைவில் நிற்பதற்குக் காரணம் அதுவே. நூற்றுக்கணக்கான ஓம் தெரிந்தால் களிம்பும் ஈரமும். ஆயிரக்கணக்கான ஓம் தெரிந்தால், இன்றைக்கு முள்ளில் வித்தியாசம் காட்டாது; 110 ஓமோடு 5,000 ஓம் சமாந்தரமாக நின்றால் சுமார் 108 ஓம்தான் ஆகிறது. ஆனால் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி, அடுத்த மாரியில் அது நூறாகும். கொள்ளளவுச் சென்சர் பூட்டிய லொறியென்றால் அந்த ஆயிரக்கணக்கான ஓமே அளவைக் குழப்பப் போதும்.

மூன்றாவது, கவசத்தின் இரு முனைகளுக்கும் இடையில் தொடர்ச்சி. நான்காவது, கவசத்துக்கும் வாகன உடலுக்கும் இடையில். இரு முனைகளும் விடுவிக்கப்பட்ட நிலையில் இங்கே எல்லையற்ற தடை இருக்கவேண்டும். சுழியம் தெரிந்தால் நடுவழியில் எங்கோ வெளிப்பூச்சுத் தேய்ந்து பின்னல் தகட்டைத் தொடுகிறது. கவசம் ஒரே ஒரு முனையில், மீற்றர் அல்லது கணினிப் பெட்டியின் பக்கத்தில், மட்டுமே எர்த் செய்யப்படவேண்டும். இரண்டு இடங்களில் எர்த் ஆனால், உடலின் பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் இடையில் உள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டினால் கவசத்துக்குள்ளேயே மின்னோட்டம் ஓடத் தொடங்கும்; காவலுக்கு வைத்ததே கலகத்துக்குக் காரணமாகிவிடும். மைக் வயரின் பின்னலை மிதவையின் எர்த்தாகப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மாற்றுங்கள். மிதவையின் எர்த்துக்குத் தனி வயர் வேண்டும்.

இந்த அளவுகளைச் சித்திரை வெயிலில் எடுத்து 'எல்லாம் நலம்' என்று மூடிவிடாதீர்கள். கார்த்திகையில் தோன்றி மாசியில் தானாகவே மறையும் பழுதுகள் இவை. கோடையில் சோதிப்பதானால், சந்தேகமான பகுதியை ஈரத்துணியால் அரை மணி நேரம் சுற்றிவைத்து, உட்கம்பிக்கும் கவசத்துக்கும் இடையிலான அளவைத் திரும்ப எடுங்கள். மைத்துனரின் வயர் மழை நாளில் 97 ஓம் காட்டியது. இரண்டு நாள் வெயிலில் விரிப்பை உயர்த்தி வைத்தபின் அதே வயர் 40 கிலோஓமுக்கு ஏறிவிட்டது. மிதவையை மாற்றிய திருத்தகத்தார் வெயில் நாளில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேலை முடிந்ததென்று கொடுத்திருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

எங்கே தேடுவது

முழு வயரையும் உரிக்கவேண்டாம். வயர் திரும்பும் இடம், தகட்டின் துளைக்குள் நுழையும் இடம், மிதிபடும் இடம், தண்ணீர் தேங்கும் இடம் ஆகிய இவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். கதவின் அடிப்படிகளில் செம்மண் புழுதி போய் அடைந்து, மழையில் சேறாகி, வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். துளைகளில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பே வயரை அறுத்துவிடும். காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் முற்றத்துக்கு வந்தபின், அவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்திய வாகனத்தில் எலி குடியேறியிருக்கிறதா என்று பின்னிருக்கையின் கீழே அவசியம் பாருங்கள். பழைய ரேப் சுற்றிய ஒவ்வோர் இணைப்பையும் சந்தேகியுங்கள்.

நாங்கள் விரிப்பை உயர்த்தியபோது, அடிப்படியில் கறுப்பு மைக் வயர் சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. வெளிப்பூச்சில் இருக்கைத் தண்டவாளத்தின் ஆணி அழுத்திய ஒரு தழும்பு. பிளேட்டால் நீளவாக்கில் கீறித் திறந்ததும் பச்சைத் தூள் விரலில் ஒட்டியது. ஆணி அழுத்திய இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குப் பின்னலே இல்லை. பச்சைப் பசைதான் இருந்தது. அதற்கு அப்பால் செம்பு மறுபடி செம்பாகத் தெரிந்தது.

திருத்தும் முறை

களிம்பு ஏறிய பகுதியை, நல்ல செம்பு தெரியும்வரை, தயங்காமல் வெட்டி எறியுங்கள். சாதாரண மிதவையென்றால் கவச வயரை முற்றாக நீக்கி, வாகனத்துக்குரிய 0.5 சதுர மில்லிமீற்றர் ஒற்றை வயர்கள் இரண்டை, ஒன்று சைகைக்கும் மற்றது எர்த்துக்குமாக, நெளிகுழாய்க்குள் விட்டுப் புதிதாக இழுப்பதே சிறந்தது. மைத்துனரின் காருக்கு நான் செய்தது அதுதான். ஒட்டுப் போட்ட கவசத்தைவிடக் கவசமே தேவையில்லாத நல்ல வயர் நீண்டகாலம் உழைக்கும்.

கவசம் கட்டாயம் தேவைப்படும் சென்சரென்றால் இணைப்பை இப்படிச் செய்யுங்கள். உட்கம்பிகள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், இணைப்புகள் ஒரே இடத்தில் வராதபடி ஏற்ற இறக்கமாக வெட்டுங்கள். சூடு காட்டினால் சுருங்கும் குழாயை, உள்ளே பசை தடவிய வகையாகப் பார்த்து, முதலிலேயே வயருக்குள் கோத்துவிடுங்கள். பற்றவைத்தபின் அதைக் கோக்க முடியாது. கம்பிகளை முறுக்கி ஈயம் பற்றவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூடுங்கள். பிறகு இரு பக்கப் பின்னலையும் ஒரு செப்புக் கம்பியால் இணைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, அனைத்தையும் மூடும்படி பெரிய குழாயைச் சுருக்குங்கள். சென்சர் பக்க முனையில் பின்னலை உள்ளே வெட்டி ஒதுக்கி, எதையும் தொடாதபடி மூடிவிடுங்கள். தாங்கிக்கு அருகில் ஈயச்சூடோ நெருப்புச்சூடோ கூடாது. அந்தப் பகுதியை வெளியே எடுத்துத் தொலைவில் வைத்து வேலை செய்யுங்கள்; முடியாவிட்டால் அழுத்திப் பொருத்தும் நீர்ப்புகா இணைப்பிகளைப் பயன்படுத்துங்கள்.

புதிய வயரை அடிப்படியின் பள்ளத்தில் போடாதீர்கள். இரண்டு விரற்கடை உயரத்தில், தகட்டின் மேல்விளிம்போடு கட்டிச் சென்றால் சேற்றிலிருந்து தப்பும்.

பூட்டி முடித்தபின் தடையிகளை மறுபடி தாங்கிப் பக்கக் கனெக்ரரில் வைத்து, மூன்று நிலைகளையும் பாருங்கள். அதன்பின் மிதவையை இணைத்து, பெற்றோல் நிலையத்தில் ஒவ்வொரு ஐந்து லீற்றருக்கும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு துண்டில் எழுதி, அந்தத் துண்டை வாகனப் புத்தகத்தோடு வையுங்கள். சாவியை 'ஒன்' நிலையில் வைத்து, மிதவையின் எர்த் முனைக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையில் வோல்ற்றையும் அளந்து அதில் குறியுங்கள், 0.1 வோல்ற்றுக்கு மேற்பட்டால் எர்த்தை மறுபடி பாருங்கள். கவச வயரையே திருத்திப் போட்டிருந்தால், முதல் பெருமழைக்கு அடுத்த நாள் காலையில், வெயில் ஏறும் முன்னர், உட்கம்பிக்கும் கவசத்துக்கும் இடையிலான அளவை இன்னொரு முறை எடுத்து அதே துண்டில் எழுதுங்கள்.